கால்பந்துக்கு முன் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நகரில் காவலருக்கும் மக்களுக்கும் முட்டல் முற்றிக்கொண்டே போகிறது. புதிய மேயர் சீர்திருத்தம் பேசுகிறவர். இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது, கால்பந்துப் போட்டி, காவலர் சட்டையில் கேமரா என்று ஒரு மனு தயாரித்திருக்கிறோம். எதை முதலில் வைக்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஊர்மேல் உங்களுக்குள்ள அக்கறை கடிதம் முழுக்கத் தெரிகிறது. மனுவைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது. கால்பந்து ஆடட்டும், யார் வேண்டாம் என்றது? மறுநாள் காலை அதே காவலர் அதே பையனை மறித்து ஃபைன் போடுவாரா, மாட்டாரா? பதிவை யார், எத்தனை நாளுக்குள் கேட்டுப் பார்க்கலாம் என்று விதி இல்லாத கேமரா வெறும் சட்டைப் பொத்தான். விட்டுத் தள்ளுங்கள்.

மேயரின் பட்ஜெட்டை யாராவது புரட்டினீர்களா? அதில் ‘அபராதம், கட்டணம்’ என்று ஒரு வரவு இருக்கும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஃபெர்குசன் என்று ஓர் ஊர், அப்போது ஏறத்தாழ 21,000 பேர் வாழ்ந்தார்கள். 2014 ஆகஸ்டில் 18 வயது மைக்கேல் பிரவுனைக் காவலர் சுட்டுக் கொன்றதும் பற்றி எரிந்தது. அவ்வூர்க் காவல்துறையைப் பற்றி நடுவண் அரசின் நீதி அமைச்சகம் 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை கணக்குப் புத்தகத்தில் கை வைத்தது. 2015 நிதியாண்டுக்கு ஊர் எதிர்பார்த்த பொது வருவாய் சுமார் 1.33 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 31 லட்சம் அபராதமும் கட்டணமும். அதற்கு ஐந்தாண்டு முன்பே, அபராதச் சீட்டு எழுதுவதைக் கூட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வசூல் ஏறாது என்று நிதி அதிகாரி காவல்துறைத் தலைவருக்கு எழுதியிருக்கிறார்.

அந்த அறிக்கையில் ஒரு பெண் வருகிறார், பெயரில்லாமல். 2007-இல் ஒருமுறை வண்டியைத் தப்பாக நிறுத்தினார். அபராதம் 151 டாலர், மேலே கட்டணம். கட்ட வழியில்லை, நீதிமன்றத்துக்குப் போகவில்லை. போகாததற்குத் தனி அபராதம், தனி வாரண்டு. ஆறு நாள் சிறை. இடையில் 25 டாலரும் 50 டாலரும் அனுப்பிப் பார்த்தார். முழுத் தொகை இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2014 டிசம்பர் வரை அவர் கட்டியது 550, பாக்கி 541. இவரிடம் போய்க் கால்பந்து பார்க்கக் கூப்பிடுவீர்களா?

பட்ஜெட்டில் மதிப்பீடு என்று இருப்பது காவல்நிலையம் வந்து சேரும்போது டார்கெட் ஆகிவிடும். காவலரைத் திட்டி என்ன பயன்? பாவம், அவரை வசூல் ஆளாக்கியது மேலே இருப்பவர்கள். ஆகவே இதை எழுதிக் கேளுங்கள்: அடுத்த ஆண்டு அபராத மதிப்பீடு சென்ற ஆண்டின் உண்மை வசூலைவிட ஏன் கூடுதல்? உச்சவரம்பு வைக்கிறோம் என்று மழுப்பினால் ஏமாறாதீர்கள். வரம்பு வைத்தால் அதுவரை ஓடுவார்கள். மிச்சத்தை வேறு பெயரில் கட்டணமாக்குவார்கள். அபராதப் பணம் நகரப் பொதுநிதிக்கே வரக்கூடாது, மாநிலக் கருவூலத்துக்குப் போகட்டும். அதையும் ஒரே ஆண்டில் செய்தால் பட்ஜெட்டில் பள்ளம் விழும், ஆட்குறைப்பு வரும், காவலர் சங்கம் எதிர்க்கும், மேயர் பின்வாங்குவார். மூன்று ஆண்டாகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் ஈடுகட்டும் வரவு எது என்று எழுதி வாங்குங்கள். பதவி உயர்வுக் கோப்பில் சீட்டு எண்ணிக்கை இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். தவணையை மறுக்கக்கூடாது, கட்ட முடியாதவருக்கு வாரண்டு கூடாது.

ஒரே மேசை பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 2001 கலவரத்துக்குப் பிறகு, 2002-இல் மாநகராட்சி, காவலர் சங்கம், மக்கள் தரப்பு எல்லோரும் உட்கார்ந்து கையெழுத்திட்டார்கள். நீதிமன்ற மேற்பார்வையில் வந்த ஒப்பந்தம் அது. தேநீர் குடித்துக் கைகுலுக்கிப் போன கூட்டம் அல்ல.

பட்ஜெட் வரைவு வந்ததும் ஆட்சேபம் சொல்லக் கிடைக்கும் நாட்கள் குறைவு. அதைப் பார்த்துக்கொண்டு போட்டிக்குத் தேதி குறியுங்கள்.

அன்புடன்