திரும்பி வரும் அடியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

பாட்டு டீச்சர் பதில்கள்

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருக்கிறேன். நான் ஒரு வரி பாட, பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள். பாட்டு சீக்கிரமே மனப்பாடம் ஆகிவிடுகிறது. ஆனால் நடுவில் ஓர் இடத்தைச் சொல்லிப் பாடச் சொன்னால் தடுமாறுகிறார்கள். எது பல்லவி, எது சரணம் என்று கேட்டால் முழிக்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் பிள்ளைகளிடம் ஒரு குறையும் இல்லை, டீச்சர். நீங்கள் ஒரு வரி, அதே வரியை அவர்கள் என்று போகும்போது எல்லா வரியும் இரண்டு தடவை வருகிறது. அப்புறம் பல்லவி திரும்பி வருவது மட்டும் எப்படித் தனியாகக் காதில் விழும்? ரயில் பெட்டி மாதிரி வரிகள் ஒன்றன் பின்னால் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும்.

கடற்கரையில் நின்று கரைவலை இழுக்கும் மீனவர்களின் அம்பாப் பாட்டை நினைத்துப் பாருங்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்களுக்கு 'ஏலேலோ ஐலசா' மட்டும்தான். அவர் அடுத்து என்ன பாடப் போகிறார் என்று தெரியாவிட்டாலும் தங்கள் இடம் எப்போது வரும் என்று அவர்களுக்குத் தெரியும். கயிற்றை இழுக்க வேண்டிய நேரமும் அதுதானே. தேவனாம்பட்டினம் போன்ற கடலோர ஊரில் சொந்தக்காரர்கள் உள்ள பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், தாத்தாவிடம் கேட்டு இரண்டு அடி கற்றுவரச் சொல்லுங்கள். விசைப்படகு வந்த பிறகு அந்தப் பாட்டைக் கேட்பதே அரிதாகிவிட்டது. வகுப்பறையிலாவது அது ஒலிக்கட்டும்.

அதே முறையை நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள். முழுப் பாட்டையும் நீங்களே பாடுங்கள். பிள்ளைகளுக்குப் பல்லவியின் முதல் வரி மட்டும். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் அதை அவர்கள் பாட வேண்டும். ஆனால் கையைக் காட்டியோ தலையை ஆட்டியோ சைகை கொடுக்காதீர்கள். சைகை கொடுத்தால் உங்கள் கையைத்தான் பார்ப்பார்கள், பாட்டைக் கேட்க மாட்டார்கள். முதலில் பாதிப் பேர் முந்திக்கொள்வார்கள், மீதிப் பேர் பிந்துவார்கள். விட்டுவிடுங்கள். கொஞ்ச நாளில், சரணத்தின் கடைசி வரி இறங்கும்போதே முன்வரிசைப் பிள்ளை ஒன்று தோளைத் தூக்கி மூச்சை இழுத்து, வாயைப் பாதி திறந்து வைத்துக் காத்திருக்கும். அந்த மூச்சைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். பல்லவி எங்கே வரும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்ததாகக் கும்மிக்கு நிற்கிற மாதிரி வட்டமாக நிறுத்துங்கள். பல்லவிக்குச் சுற்றி நடக்கட்டும், சரணத்துக்கு நின்ற இடத்திலேயே கைதட்டட்டும். இது பழகியதும் சொற்களை எடுத்துவிட்டு வெறும் 'லா லா'வில் அதே மெட்டைப் பாடுங்கள். அப்போதும் சரியான இடத்தில் கால் நகர்ந்தால், அவர்கள் பிடித்திருப்பது மெட்டைத்தான், சொல்லை அல்ல. ஒரு நாள் வேண்டுமென்றே பல்லவிக்குத் திரும்பாமல் அடுத்த சரணத்தைத் தொடங்கிப் பாருங்கள். "மிஸ், எங்க வரி!" என்று கூச்சல் போடுவார்கள். பல்லவி என்ற பெயரை அன்றைக்குச் சொல்லுங்கள், ஒட்டிக்கொள்ளும்.

ஆண்டு விழாவுக்காக ஒரே பாட்டை மாதக்கணக்கில் தேய்ப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். அந்த நேரத்தில் நாலு சின்னப் பாட்டு பாடலாம். நாலு பாட்டிலும் பல்லவி திரும்பி வருவதைக் கேட்ட பிள்ளை ஐந்தாவது பாட்டில் தானே தேடும்.

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில், மாலையில் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட வைக்கிறோம். என் கணவர் ஆர்மோனியத்தில் ஒன்றரைக் கட்டை சுருதி வைத்துப் பாடிக் காட்டுவார். சில பிள்ளைகள் பாடாமல் பேசுவது போல முணுமுணுக்கிறார்கள். அவர்களைப் பாடாமல் உட்காரவைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்தக் கட்டை உங்கள் கணவருக்குச் சரி. அவருடைய தாழ்ந்த குரலை அப்படியே பிடிக்கப் பார்த்து, எட்டாமல் பேச்சுக் குரலுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் பாடிக் காட்டுங்கள், அவர் வாசிக்கட்டும். அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏற்றிப் பார்த்து, பிள்ளைகள் முணுமுணுக்காமலும் கத்தாமலும் பாடுகிற இடத்தில் நிறுத்துங்கள். மேல் ஸட்ஜத்துக்கு, அதாவது உயரத்தில் உள்ள 'ஸ'வுக்குத் தாவும் மெட்டு இப்போதைக்கு வேண்டாம். "நீ வாயை மட்டும் அசை" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஆறு வயதில் அதைக் கேட்ட பிள்ளை பெரியவளான பிறகும் வாய் திறக்காது.

கேள்வி: பண்ருட்டியில் இருக்கிறேன். ஆறு வயதுப் பேத்திக்கு, பல்லவிக்கு அடுத்து வரும் அனுபல்லவி வரைக்கும் சொல்லித் தரலாமா? எல்லாப் பாட்டும் பல்லவி, சரணம் என்றுதான் இருக்குமா?

பதில்: இல்லை ஐயா. உங்கள் ஊரை ஒட்டிய திருவதிகையிலேயே வேறொரு கட்டுக்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அப்பர் பெருமான் அங்கே பாடிய முதல் பதிகத்தில் பல்லவி கிடையாது. ஆனால் 10 பாட்டும் 'அதிகைக் கெடில வீரட்டானத்து உறை அம்மானே' என்றே முடியும். நீங்கள் பாட்டைப் பாடுங்கள், பேத்திக்கு அந்த முடிவை மட்டும் கொடுங்கள். கெடிலம் அவள் பாலத்தில் போகும்போது பார்க்கிற ஆறு, பெயர் வந்ததும் முகம் மலரும். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருவதும் ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் வந்து முடிவதும் அவளுக்கு அதிலேயே பழகிவிடும்.

அனுபல்லவிக்கு அவசரமே இல்லை. சின்னப் பிள்ளைகள் பாடும் பாட்டு பலவற்றில் அது இருக்காது. கீர்த்தனை பாடத் தொடங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். பல கீர்த்தனைகளில் சரணத்தின் பின்பாதி அனுபல்லவியின் மெட்டிலேயே வரும். நீங்கள் பாடும்போது, "தாத்தா, இது முன்னாடியே வந்துச்சே!" என்று அவளாகச் சொல்வாள். அப்போது பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.