இணைய நிர்வாக விவாதங்களைச் செய்தியாளராகப் பின்தொடர்ந்த அனுபவம் எப்படி இருந்தது?

இணையத்தை யார் நிர்வகிப்பது என்ற உலக விவாதங்களைச் செய்தியாளராகப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா, அங்கே என்ன நடக்கிறது, நமக்கு அதனால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் தமிழில் தொழில்நுட்பச் செய்திகள் எழுதிவந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நான் நேரில் பார்த்தவை பெரும்பாலும் ஐகேன் கூட்டங்கள். .காம், சிங்கப்பூருக்குரிய .எஸ்ஜி என இணைய முகவரியின் கடைசியில் வரும் பகுதியை மேல்மட்டப் பெயர் என்பார்கள். அந்தப் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பு அது. 1998இல் கலிஃபோர்னியாவில் தொடங்கினார்கள். அதன் முதல் பொதுக் கூட்டம் 1999 மார்ச்சில் நடந்தது நம் சிங்கப்பூரில்தான். அப்புறம் 2011, 2014, 2015 ஆண்டுகளிலும் இங்கே கூடினார்கள். சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, ராஃபிள்ஸ் சிட்டி மாநாட்டு மண்டபத்துக்கு நடந்துபோய் உலகச் செய்தி எடுக்க முடிந்தது.

2011 ஜூன் 20 அன்று இயக்குநர் குழு வாக்களித்தது. எந்த நிறுவனமும் அமைப்பும் புதிய மேல்மட்டப் பெயருக்கு விண்ணப்பிக்கலாம் என்ற திட்டம். ஆதரவு 13, எதிர்ப்பு 1, இருவர் வாக்களிக்கவில்லை. "இனி எந்தச் சொல்லும் முகவரியாகலாம்" என்றுதான் எல்லா ஊடகங்களும் எழுதின. எனக்கு உறுத்தியது கட்டணம். ஒரு விண்ணப்பத்துக்கு 1,85,000 அமெரிக்க டாலர். அடுத்த ஆண்டு வந்த 1,930 விண்ணப்பங்களில் வட அமெரிக்காவிலிருந்து 911. முழு ஆப்பிரிக்காவிலிருந்தும் 17. எல்லாருக்கும் கதவு திறந்திருப்பதாகச் சொல்லப்பட்ட திட்டத்தில் உள்ளே வர முடிந்தவர்கள் யார் என்பதை இந்த இரண்டு எண்களே காட்டிவிடுகின்றன. இந்தத் துறையில் செய்தி எழுத வருகிறவர்கள் முதலில் கட்டணப் பட்டியலைப் படிக்க வேண்டும், உரைகளை அப்புறம் படிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

2014 மார்ச் கூட்டம்தான் எனக்கு மிக முக்கியமானது. அதற்குச் சில நாள் முன்பு, மார்ச் 14 அன்று, இணையத்தின் மூலப் பட்டியல் மீது தனக்கிருந்த மேற்பார்வையை விட்டுக்கொடுக்கத் தயார் என்று அமெரிக்க அரசு அறிவித்திருந்தது. எந்த மேல்மட்டப் பெயர் எந்தச் சர்வர்களைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் பட்டியல் அது. அதில் .எஸ்ஜிக்குரிய வரி தவறாக மாறினால், நம் வங்கி, பள்ளி, அரசுத் தளங்களின் .எஸ்ஜி முகவரிகள் எல்லாம் தடுமாறும். அதில் செய்யும் மாற்றங்களுக்கு அதுவரை அமெரிக்க வணிகத் துறையின் ஒப்புதல் தேவைப்பட்டது. அமெரிக்க உளவு அமைப்புகள் இணையத்தைக் கண்காணித்ததை அம்பலப்படுத்தி முந்தைய ஆண்டு எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களால் அமெரிக்காமீது இருந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருந்தது. ஆகவே ராஃபிள்ஸ் சிட்டியின் எல்லா அறைகளிலும் ஒரே கேள்விதான்: அமெரிக்கா விலகினால் ஐகேனை யார் தட்டிக்கேட்பது?

ஆனால் அது எம்எச்370 விமானம் காணாமல்போன மாதம். கூட்டத்தின் இரண்டாம் நாளான மார்ச் 24 இரவுதான், விமானம் தெற்கு இந்தியப் பெருங்கடலில் முடிவடைந்தது என்று மலேசியப் பிரதமர் அறிவித்தார். செய்தி அறை முழுக்க அந்தத் துயரத்தில் இருந்தது. இருக்க வேண்டியதும் அங்கேதான். என் கட்டுரை உள்பக்கத்தில் சிறியதாக வந்தது. இணைய நிர்வாகச் செய்திகளின் நிலைமை பொதுவாகவே இப்படித்தான். விபத்தும் இல்லை, கைதும் இல்லை. ஒரு வாசகத்தில் ஒரு சொல்லைச் சேர்ப்பதா நீக்குவதா என்று ஆண்டுக்கணக்கில் பேசுகிறார்கள். அந்த மேற்பார்வை கைமாறிய கதையும் 2016 அக்டோபர் 1 வரை நீண்டது. முந்தைய நாள்கூட நான்கு அமெரிக்க மாநிலங்கள் அதை நிறுத்தச் சொல்லி நீதிமன்றத்தில் நின்றன, நீதிபதி மறுத்துவிட்டார். மறுநாள் காலை யாருடைய கைப்பேசியிலும் எந்த மாற்றமும் தெரியவில்லை. வேலை ஒழுங்காக நடந்ததற்கு அதுதான் சான்று, ஆனால் அதைத் தலைப்புச் செய்தியாக்குவது கடினம்.

அரசுகள் மட்டும் வாக்களிக்கும் மேடை வேறு மாதிரி இருக்கும். 2012 டிசம்பரில் துபாயில் ஐநாவின் தொலைத்தொடர்பு ஒன்றியம் நடத்திய மாநாட்டை இங்கிருந்து நேரலையில் பார்த்தேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது, இங்கே விடியப்போகும் நேரம். இணையம் பற்றிய ஒரு தீர்மானத்தில் அரங்கின் மனநிலை என்ன என்று தலைவர் கேட்டார். பெரும்பான்மை ஆதரவு என்று அறிவித்தார். இது வாக்கெடுப்பா என்று கேட்டபோது இல்லை என்றார். கடைசியில் அந்த மாநாட்டில் உருவான தொலைத்தொடர்பு ஒப்பந்தத்தில் 89 நாடுகள் கையெழுத்திட்டன, 55 நாடுகள் இடவில்லை. அமெரிக்காவும் இந்தியாவும் இடாதவற்றில் அடங்கும்.

சரி, தமிழர்களுக்கு இதில் என்ன? நிறையவே இருக்கிறது. முகவரிகளில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு மட்டுமே செல்லும் என்றிருந்த காலத்தில், 1998இல், பிற எழுத்துகளிலும் முகவரி அமைக்கும் முயற்சியில் முன்னோடியாக நின்றவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ. அவரோடு பணியாற்றிய நம் நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றியவர். 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கே நடந்தது. 2000இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் இங்கே பிறந்தது. 2011இல் .சிங்கப்பூர் என்ற தமிழ் மேல்மட்டப் பெயர் மூலப் பட்டியலில் ஏறியது. நம் ஆட்கள் தொடர்ந்து போய்ப் பேசியதால் தமிழுக்கு அங்கே இடம் கிடைத்தது என்பதே என் எண்ணம். எந்தத் தமிழ் எழுத்துகளைப் பெயரில் அனுமதிப்பது என்பதற்குக்கூட விதிகள் எழுத வேண்டியிருந்தது. 'ஔ'வும் 'ஒள'வும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் போலித் தளம் அமைப்பவருக்கு அது வசதி. இதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அறையில் இருந்தால்தான் சொல்ல முடியும்.

வருத்தம் ஒன்று உண்டு. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில் ஒரு கடைப் பலகையில்கூட .சிங்கப்பூர் முகவரியை நான் பார்த்ததில்லை. இத்தகைய முகவரிகளைப் பல மென்பொருள்களும் பதிவுப் படிவங்களும் இன்னும் ஏற்பதில்லை. பிறகு எந்தக் கடைக்காரர் துணிவார்? அடுத்த பத்தாண்டு வேலை இங்கேதான் இருக்கிறது. கணினித் துறையில் இருக்கும் தமிழ் இளையர்கள் தங்கள் நிறுவனத்தின் படிவத்தில் ஒரு தமிழ் முகவரியை இட்டுப் பார்த்தாலே எங்கே உடைகிறது என்று தெரிந்துவிடும்.

கேட்டவருக்கு ஆர்வம் இருந்தால், ஐகேன் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது, வீட்டிலிருந்தே இணையலாம். முதல் முறை என்றால் பொது அரங்கு நடக்கும் அமர்வைத் தேர்ந்தெடுங்கள். அங்கே யாரும் மைக் முன் வரிசையில் நின்று இயக்குநர் குழுவை நேரடியாகக் கேள்வி கேட்கலாம்.