மருந்தறைக் கதவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளி விடுமுறையில் என் மகன் ஜப்பானின் யமாட்டோ கப்பலின் பிளாஸ்டிக் மாதிரியைத் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு உதவப் போய் நானும் பெரும்போர்க்கப்பல்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். சென்னையைத் தாக்கிய எம்டனும் இந்த வகைதானே? விமானம் வந்த பிறகும் பணத்தைக் கொட்டி இவற்றைக் கட்டிய கடற்படைத் தலைவர்கள் முட்டாள்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. முதல் உலகப் போரில் ஜெர்மானியரோடு நடந்த ஜட்லாண்டு கடற்சண்டையில் மூன்று பிரிட்டிஷ் கப்பல்கள் வெடித்துச் சிதறியதும் கவசத்தை மெல்லியதாக வைத்த முட்டாள்தனத்தால்தான் என்று படித்தேன். இவற்றுள் சிறந்த கப்பல் எது என்று மகன் கேட்கிறான். நீங்கள் சொன்னால் அவனிடம் சொல்வேன்.

ச.

அன்புள்ள ச.,

பையனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பசை காய்வதற்குள் அடுத்த துண்டை ஒட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். உங்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது. பத்து வரிக் கடிதத்தில் இரண்டு இடங்களில் இறந்துபோனவர்களை முட்டாள்கள் என்கிறீர்கள். வரலாறு படிக்கத் தொடங்கும்போதே இந்தச் சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டால், அதற்குமேல் தெரிந்துகொள்ள எதுவும் இருக்காது.

எம்டன் இந்த வகை இல்லை. அது ஓர் இலகுரகக் குரூசர். அதன் பீரங்கிகள் 10.5 செ.மீ., யமாட்டோவினுடையவை 46 செ.மீ. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்து, நம் பேச்சுக்கு ஒரு சொல்லையும் கொடுத்துவிட்டுப் போனது. போர்க்கப்பல் என்ற ஒரே சொல்லால் நாம் எல்லாவற்றையும் குறிப்பதால் வரும் குழப்பம் இது.

விமானத்தைப் பற்றியும் சுருக்கமாகவே சொல்கிறேன். திறந்த கடலில் ஓடிக்கொண்டே எதிர்த்துச் சுட்ட ஒரு பெரும்போர்க்கப்பலை விமானங்கள் மட்டுமே மூழ்கடித்தது முதன்முதலாக 1941 டிசம்பர் 10 அன்றுதான் நடந்தது. மலாயாவின் குவாந்தான் கடற்பகுதியில் பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அன்று போனது, கூடவே ரிப்பல்ஸும் போனது. அதற்கு முன்பு திட்டமிட்டவர்களுக்கு அந்த நாள் தெரியாது. அதன் பிறகும் இரவிலும் மோசமான வானிலையிலும் விமானத்தை நம்ப முடியவில்லை. 1944 அக்டோபர் 25 அதிகாலை இருட்டில் பிலிப்பைன்ஸின் சுரிகாவோ நீரிணையில் பெரும்போர்க்கப்பல்கள் பெரும்போர்க்கப்பல்களையே சுட்டன. எனவே முட்டாள் என்ற சொல்லை இங்கே எடுத்துவிடுங்கள்.

கவசத்தைப் பற்றிய உங்கள் வரியை மட்டும் என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. சில மாதங்களாக நான் நினைத்துக்கொண்டிருப்பதும் அதையேதான். 1916 மே 31 அன்று இன்டிஃபேட்டிகபிள், குயின் மேரி, இன்வின்சிபிள் ஆகிய மூன்று பேட்டில்குரூசர்கள் (வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்த பெருங்கப்பல்கள்) வெடித்தன. 3,300 பேருக்கு மேல் இறந்தார்கள். மூன்றிலும் சேர்த்துப் பிழைத்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. கவசம் மெல்லியது என்ற விளக்கம் அன்றே கிளம்பி, இன்றைக்கு உங்கள் கைவரை வந்திருக்கிறது. ஆனால் அப்போது கப்பல் கட்டுமானத் துறையின் தலைவராக இருந்த டெனிசன் டெய்ன்கோர்ட் அதை ஏற்கவில்லை. பீரங்கிக்கான வெடிமருந்து கையாளப்பட்ட விதத்தையே அவர் சுட்டிக்காட்டினார்.

மகனின் மாதிரியில் பீரங்கிக் கோபுரத்தைத் தூக்கினால் அடியில் ஓர் ஓட்டைதான் தெரியும். உண்மையான கப்பலில் அந்த இடத்தில் பல தள ஆழத்துக்கு ஒரு கவச உருளை இறங்குகிறது. உச்சியில் பீரங்கி அறை, அதன் கீழே பணி அறை, அங்கிருந்து கீழே போகும், மருந்தை மேலேற்றும் தூக்கி, அடியில் நீர்மட்டத்துக்குக் கீழே வெடிமருந்தைச் சேர்த்து வைக்கும் மருந்தறை. பிரிட்டிஷ் கப்பல்களில் கார்டைட் என்ற வெடிமருந்தைப் பட்டுப் பைகளில் கட்டி, எளிதில் பற்றுவதற்காகப் பையின் முனையில் கரிமருந்தை வைத்துத் தைத்திருந்தார்கள். மேலே ஒரு குண்டு விழுந்து தீப்பொறி கீழே இறங்கினால், வழியில் கதவுகள் மூடியிருக்க வேண்டும். வெளியே மருந்துப் பைகள் குவிந்திருக்கக் கூடாது. கப்பலின் உயிர் இந்த இரண்டு விதிகளில்தான் இருந்தது.

இவ்விரண்டும் அன்று மீறப்பட்டன. பேட்டில்குரூசர்கள் நின்ற ஸ்காட்லாந்தின் ரோசித் தளத்தில் பீரங்கிப் பயிற்சிக்குப் போதிய வசதியில்லை. குறி தவறினாலும் வேகமாகச் சுட்டால் ஈடுகட்டிவிடலாம் என்ற எண்ணம் மேலிருந்து கீழ்வரை பரவியது. வேகத்துக்குப் பாராட்டு கிடைத்தது. பாராட்டுக் கிடைக்கும் இடத்தில் கதவு திறந்தே கிடக்கும். பைகளைப் பெட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வெளியே அடுக்கி வைப்பார்கள். அடியில் நின்ற பதினெட்டு வயதுப் பையனுக்கு யாரும் வேறு விதமாகச் சொல்லித் தரவில்லை.

ஜெர்மானியர்கள் இந்தப் பாடத்தை ஓராண்டு முன்பே, பெரிய விலை கொடுத்துப் படித்திருந்தார்கள். 1915 ஜனவரி 24 அன்று டாகர் பேங்க் சண்டையில் சைட்லிட்ஸ் கப்பலின் பின்கோபுரத்தைக் குண்டு துளைத்துத் தீப்பற்றியபோது, உள்ளே இருந்தவர்கள் தப்பிப்பதற்காகப் பக்கத்துக் கோபுரத்துக்குப் போகும் கதவைத் திறந்தார்கள். தீயும் அவர்களோடு அந்தக் கதவு வழியாக நுழைந்தது. இரண்டு கோபுரங்களும் எரிந்து 159 பேர் மாண்டார்கள். வில்ஹெல்ம் ஹைட்காம்ப் என்ற மாலுமி, பழுக்கக் காய்ந்திருந்த வால்வுகளைக் கையால் திருகி மருந்தறைக்குள் தண்ணீரை விட்டதால்தான் கப்பல் தப்பியது. அதன் பிறகு மருந்தை வெளியே வைக்கும் பழக்கத்தை அவர்கள் கட்டுப்படுத்தினார்கள். அவர்களுடைய மருந்தின் பெரும்பகுதி பித்தளை உறையில் இருந்ததும் உதவியது. ஜட்லாண்டில் சைட்லிட்ஸ், டெர்ஃப்லிங்கர் இரண்டிலும் கோபுரங்கள் எரிந்தன. இரண்டுமே வெடிக்காமல் கரை சேர்ந்தன.

நான் இதில் இவ்வளவு நேரம் நிற்பதற்குக் காரணம் என் பெரியப்பா. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவர் போர்மேனாக இருந்தார். அலுமினியப் பொடி ஏறிச் சாம்பல் நிறமாகிவிட்ட விரல்களால் சோற்றைப் பிசைந்துகொண்டே அன்றைய சண்டைகளைச் சொல்வார். ஓர் அறைக்கு நாலு பேர், கையிலிருக்கும் மருந்து தீர்ந்த பிறகுதான் அடுத்த மருந்து என்பது விதி. தீபாவளி நெருங்கும்போது, எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்கள் ஒருமுறைக்கு இருமுறை மருந்தறைக்கு நடப்பானேன் என்று சாக்குக்கு அடியில் கொஞ்சம் ஒளித்து வைப்பார்கள். அதைக் கண்டுபிடித்துத் திட்டியே அவருக்குக் கெட்ட பெயர். அவர் விடுப்பில் இருந்த ஒரு வாரத்தில் ஓர் அறை போனது. மருந்தில் உராய்வு ஏற்பட்டதே காரணம் என்று செய்தி வந்தது. அவர் அந்த நாளிதழை மடித்து வைத்துவிட்டு, உராய்வு என்றைக்கும்தான் இருக்கிறது, அறைக்குள் அவ்வளவு மருந்து எப்படி வந்தது என்று கேட்டார். வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. ஜட்லாண்டைப் பற்றிக் கவசம் மெல்லியது என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்வி கேட்கிறது.

கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்ற விசாரணைக்கு அஞ்சுகிறவர்கள், பழியை இரும்பின் மேல் போடுவார்கள்; அது முடியாவிட்டால் இறந்தவன் மேல் போடுவார்கள். நான் ஏறிப் பார்த்த ஒரே பெரும்போர்க்கப்பல் அமெரிக்காவின் சான் பெட்ரோவில் அருங்காட்சியகமாக நிற்கும் அயோவா. அதன் கட்டளைக் கூண்டைச் சுற்றியிருக்கும் எஃகு 17 அங்குலத்துக்கும் அதிகத் தடிமன் கொண்டது. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டாம் கோபுரத்தின் அருகே போய் நின்றேன். 1989 ஏப்ரல் 19 அன்று அதன் நடுப் பீரங்கியில் மருந்து பற்றி 47 பேர் இறந்தார்கள். கடற்படை முதலில் இறந்துபோன ஒரு மாலுமியின் சதி என்று அறிவித்தது. மருந்துப் பைகளை அளவுக்கு மீறி உள்ளே தள்ளியிருந்தாலும் பற்றும் என்று சாண்டியா ஆய்வகம் காட்டியது. 1991இல் கடற்படை அந்தக் குடும்பத்திடம் வருத்தம் தெரிவித்தது. அதே கோபுரத்தின் அடியில், மருந்தறையிலும் அதை ஒட்டியும் இருந்த 12 பேர் பெரிய காயமில்லாமல் ஏறி வந்தார்கள். அவர்களுக்கும் தீக்கும் நடுவில் இருந்த கதவுகள் மூடியிருந்தன.

உங்கள் மகனின் கேள்வியை மறந்துவிடவில்லை. பெரிய கப்பல் என்றால் அவன் ஒட்டிக்கொண்டிருப்பதுதான். சிறந்த கப்பல் என்று கேட்டால், இலக்கணப்படி பேட்டில்குரூசராக இருந்தாலும், நான் பிரிட்டனின் லயனைச் சொல்வேன். அதன் பீரங்கிப் பொறுப்பிலிருந்த அலெக்சாண்டர் கிரான்ட், 1915இல் கப்பலில் சேர்ந்தபோது மருந்தறைக் கதவுகள் திறந்து கிடப்பதைக் கண்டு, ஒரே ஒரு கதவைத்தான் திறக்கலாம், வெளியே பைகளைக் குவிக்கக் கூடாது என்று மாற்றியவர். ஜட்லாண்டில் லயனின் கியூ என்ற பீரங்கிக் கோபுரத்தின் மேல் குண்டு விழுந்தபோது, சாகும் காயத்தோடு கிடந்த மேஜர் பிரான்சிஸ் ஹார்வி, மருந்தறையை மூடித் தண்ணீர் விடச் சொல்லிப் பேச்சுக் குழாய் வழியாக உத்தரவிட்டார். ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்து எஞ்சியிருந்த பைகள் பற்றித் தீ அடிவரை இறங்கியது. அங்கே நின்றவர்கள் எல்லோரும் இறந்தார்கள். பிறகு போய்ப் பார்த்தபோது சிலருடைய கைகள் கதவின் தாழ்களைப் பிடித்தபடியே இருந்தன. கோபுரத்தின் கூரை பிய்ந்த நிலையில் ஜூன் 2 அன்று கப்பல் ரோசித் சேர்ந்தது.