ஷாஃப்டை மாற்றுமுன் கோணத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். அடிப்பாகம் பாறையில் இடிக்காமலிருக்க, என் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்பை 3 அங்குலம் உயர்த்தினேன். கியர்பெட்டியின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு குறையட்டும் என்று மெக்கானிக் பின் ஆக்சிலுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வைத்தார். அன்று முதல் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் காலடித் தகடு அதிர்கிறது. கிளம்பும்போது 'டங்' என்று அடிக்கிறது. தடித்த புரொப்பெல்லர் ஷாஃப்ட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா ஐயா?

பதில்: இப்போது போடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

முதலில் அந்த 'டங்'. ஜீப்பைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு நியூட்ரலில் போடுங்கள். அடியில் படுத்து ஷாஃப்டை இரு கைகளாலும் முன்னும் பின்னும் திருகுங்கள். கிராஸின் (ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள சிலுவை வடிவ மூட்டு) ஒரு பக்கக் கவ்வி அசைந்த பிறகே மறுபக்கம் அசைகிறதென்றால் கிராஸ் தேய்ந்துவிட்டது. மூடியைச் சுற்றித் துருநிறத் தூள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். மெதுவாகப் போகும்போது குருவி கத்துவதுபோல் 'கீச் கீச்' என்று கேட்பதும் உள்ளே கிரீஸ் வற்றியதன் அடையாளம்தான். கிராஸில் ஆட்டமே இல்லாமல் 'டங்' மட்டும் கேட்டால் கிரௌன் பினியனை, அதாவது ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் ஆக்சிலுக்குள் உள்ள பல்சக்கர ஜோடியைப் பார்க்க வேண்டும்.

அடுத்து அதிர்வு. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வந்து, வெறிச்சோடிய சமவெளிச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். மலை இறக்கத்தில் இதைச் செய்யவே கூடாது, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எஞ்சின் அடங்கிய பிறகும் அதிர்வு நீடித்தால் குற்றம் எஞ்சினில் இல்லை. ஸ்டீயரிங் ஆடினால் சக்கரத்தைச் சந்தேகியுங்கள். தகடு வண்டுபோல் ரீங்கரித்தால் ஷாஃப்ட். அந்த வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 450 சுற்றுதான் சுற்றும். ஷாஃப்டோ அதைப்போல நான்கு மடங்கு சுற்றுகிறது.

உங்கள் வண்டியில் என் சந்தேகமெல்லாம் அந்த ஆப்பின் மேல்தான். சாய்ந்து சுழலும் ஒரு கிராஸ், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். மறுமுனைக் கிராஸ் அதே கோணத்தில் இருந்தால்தான் அந்தத் தள்ளாட்டம் சமனாகும். ஆப்பு வைத்துப் பினியனை (ஷாஃப்ட் பூட்டும் ஆக்சில் முனை) மேல்நோக்கித் திருப்பியதில் ஆக்சில் பக்கக் கீழ்க்கோணம் குறைந்தது, கியர்பெட்டிப் பக்க மேல்கோணம் அப்படியே நின்றது. 1994-இல் ஒரு எஸ்டேட் ஜீப்பில் நானே இந்தத் தவற்றைச் செய்தேன். மறுநாளே வண்டி திரும்பி வந்தது. ஆப்பைக் கழற்றிய அன்று மாலையே அதிர்வு நின்றது. அன்று முதல் கோணம் அளக்காமல் எந்த ஷாஃப்டிலும் நான் கைவைத்ததில்லை. இன்று உங்கள் கைபேசியிலேயே அளந்துவிடலாம்.

சமப்படுத்திய பிறகும் சாய்வு அதிகமாகத் தெரிந்தால், மேல்முனையில் இரட்டைக் கிராஸ் உள்ள ஷாஃப்டைப் போடுங்கள். பினியன் ஷாஃப்டை நேராகப் பார்க்க வேண்டியது அந்த அமைப்பில்தான். ஆப்புக்கும் அப்போதுதான் வேலை. வண்டி உயர்ந்ததால் நழுவு முனை (ஷாஃப்டின் ஒரு பாதி மற்றதற்குள் நழுவும் பல் பகுதி) எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்றும் பாருங்கள். உள்ளே பிடிப்பு குறைந்திருந்தால் நீளமான ஷாஃப்ட் அவசியம். கழற்றும் முன் இரு பாதிகளிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட மறக்காதீர்கள். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் புதிய அதிர்வு வந்துவிடும்.

உருட்டுத்தண்டின் விட்டத்தை 10 சதவீதம் கூட்டினால் முறுக்கைத் தாங்கும் வலு 33 சதவீதம் கூடும் என்பது உண்மைதான். பற்கள் முறுக்கிக்கொண்ட ஷாஃப்ட் என்றால் தாராளமாகத் தடித்ததற்கு மாறுங்கள். ஆனால் அதன்பின் முதலில் உடைவது கிரௌன் பினியனாக இருக்கலாம். அதன் செலவு மிகப் பெரியது.

கேள்வி: என் சிறிய கார் முன்சக்கர இயக்கம். வலப்புறம் முழுதாகத் திருப்பினால் 'டக் டக்' என்கிறது. (திண்டுக்கல் வாசகி)

பதில்: பெரும்பாலும் இடப்பக்க வெளி ஜாயிண்ட்தான் (சக்கரத்தை ஒட்டிய மூட்டு) அம்மா. அதன் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் சிதறி, சக்கரத்தின் உட்புறம் கறுத்திருக்கும். சத்தம் வருமுன் கவனித்திருந்தால் உறையும் கிரீஸும் போதும். சத்தம் வந்துவிட்டதால் ஜாயிண்ட்டையே மாற்றுங்கள். புதியதில் மாலிப்டினம் கலந்த கிரீஸ்தான் இட வேண்டும். சக்கர பேரிங் கிரீஸை அள்ளி வைக்க விடாதீர்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள்.