அபா குழுவை அன்று கேலி செய்தார்கள். இன்று ஏன் கொண்டாடுகிறார்கள்?

"கல்லடியில் ஒரு கல்யாண வீட்டில் இசைக்குழு அபா பாட்டைத் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து ஆடினார்கள்; பெரியப்பாவோ தம் காலத்தில் அதைக் கேட்பதே வெட்கம் என்கிறார். எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரியப்பா சொல்வதிலும் உண்மை உண்டு. 1974இல் 'வாட்டர்லூ' பாடி, ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான யூரோவிஷன் பாட்டுப் போட்டியை வென்ற இந்த நால்வரையும், சொந்த நாடான சுவீடனிலேயே இடதுசாரி இசைக்காரர்கள் வெறும் வணிகச் சரக்கு என்று ஒதுக்கினார்கள். அந்தப் பளபளப்பு உடைகளும் கேலிக்கு வசதியாக அமைந்தன. (உடைகளுக்காக நானும் வாதாட மாட்டேன்.)

ஆனால் பாட்டைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவர்களின் ஒலிப்பதிவாளர் மைக்கேல் ட்ரெட்டோ, ஒரே பகுதியை முதல் பதிவின் மேல் மறுபடி பதியும்போது ஒலிநாடாவின் வேகத்தைச் சற்றே மாற்றுவார். சுருதி மயிரிழை விலக, சிறு குழுவின் வாசிப்பு பெருங்கூட்டத்தின் வாசிப்பாகத் தடித்துவிடும். அதைவிட முக்கியமானது, துள்ளும் தாளத்துக்கு அடியில் கிடக்கும் துயரம். 1980இல் வந்த 'த வின்னர் டேக்ஸ் இட் ஆல்' மணமுறிவைப் பற்றியது. வரிகளை எழுதியவர் நால்வரில் ஒருவரான பியோர்ன், பாடியவர் அவரைப் பிரிந்த மனைவியும் குழுவின் பாடகியுமான அக்னெத்தா. விடிய விடியக் கூத்துக் களரியில் ஒப்பாரி கேட்ட ஊருக்கு இது புரியாதா என்ன?

1992இல் புகழ்பெற்ற பாட்டுகளின் 'அபா கோல்ட்' தொகுப்பு வந்தது, 1999இல் இலண்டனில் அபா பாட்டுகளால் ஆன 'மம்மா மியா' இசை நாடகம் மேடையேறியது, வெட்கம் போய்விட்டது.

பெரியப்பாவுக்கு 'நோயிங் மீ, நோயிங் யூ' பாட்டை ஹெட்போனில் போட்டுக் காட்டுங்கள். கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் அந்த அடுக்குகள் எதுவும் கேட்காது.