தும்மல் மாத்திரையோட எடை குறைக்கிற கேப்சூலைச் சேர்க்கலாமா?

தம்பி, திருச்சியிலிருந்து கொழும்புக்கு வந்து 3 மாசம்தான் ஆகுது, காலையில எழுந்ததும் தும்மல் நிக்கவே மாட்டேங்குது, அதுக்கு ஊர்லேர்ந்து கொண்டுவந்த மாத்திரை போடுறேன், உடம்பும் ஏறிடுச்சு, ஜிம்ல ஒருத்தர் கொடுத்த எடை குறைக்கிற கேப்சூலைச் சேர்த்துப் போடலாமான்னு கேட்டிருக்கீங்க. அந்தக் கேப்சூல் வேண்டாம், ஏற்கனவே ஆரம்பிச்சிருந்தா இன்னிக்கே நிறுத்திடுங்க.

நான் மதுரைக்காரி. இங்க கொழும்புல வெள்ளவத்தைக்கு வந்து 14 வருஷம் ஆச்சு. வந்த ரெண்டாவது வருஷம் நானும் இதையேதான் செஞ்சேன். புறக்கோட்டையில ஒரு கடையில 'முழுக்க மூலிகை'ன்னு போட்ட டப்பா வாங்கினேன். கூடவே மூக்கடைப்புக்கு ஊர் மாத்திரை. ஒரு ராத்திரி படுத்தா, தலையணையில வச்ச காதுக்குள்ள நெஞ்சு அடிக்கிறது கேக்குது. கடலோரமா கடைசி ரயில் போய் ஓஞ்ச பிறகும் அந்தச் சத்தம் நிக்கல. ஈசிஜி எடுத்தப்ப டாக்டர், "வேற என்ன மருந்து குடிக்கிறீங்க?"ன்னு கேட்டார். ஒண்ணுமில்லைன்னுட்டேன். மூலிகை எனக்கு மருந்துக் கணக்குலயே வரல. என் வீட்டுக்காரர்தான் பையிலிருந்து டப்பாவை எடுத்து வச்சார். டாக்டர் அதை விளக்குக்கு நேரா திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு செடி பேர் இருந்துச்சு. எவ்வளவு இருக்குன்னு ஒரு எண் கூட இல்ல.

செட்ரிசின், லோராடடின், ஃபெக்சோஃபெனடின் மாதிரி தனி மாத்திரைகள் பொதுவா நெஞ்சுத் துடிப்பை ஏத்தாது. அதுங்களோட மூக்கடைப்புக்குன்னு சூடோஎபெட்ரினோ ஃபினைலெஃப்ரினோ சேர்ந்திருந்தாதான் கவனிக்கணும். அது ரத்தக்குழாயைச் சுருக்கித்தான் மூக்கைத் திறக்குது. அதனால ரத்த அழுத்தமும் ஏறலாம். எடை குறைக்கிற கேப்சூல்ல காஃபின், கசப்பு ஆரஞ்சிலிருந்து எடுக்கிற சினெஃப்ரின் எல்லாம் இருக்கலாம். அதுவும் அதே பக்கம்தான் இழுக்கும். எபெட்ராங்கிற செடி கலந்த சத்து மாத்திரைகளை அமெரிக்கா 2004-ல தடை செஞ்சதும் நெஞ்சுக்கு வந்த ஆபத்தாலதான். சிபுட்ரமின்னு ஒரு எடை குறைக்கிற மருந்து மாரடைப்பு, பக்கவாத பயத்தால 2010-ல அமெரிக்காவிலயும் ஐரோப்பாவிலயும் சந்தையை விட்டுப் போச்சு. ஆனா 'மூலிகை'ன்னு விக்கிற டப்பாக்களுக்குள்ள அதை ரகசியமா கலந்து வச்சதை அதுக்கப்புறமும் பல தடவை கண்டுபிடிச்சிருக்காங்க. உங்க கேப்சூல்ல என்ன இருக்குன்னு கொடுத்தவருக்கே தெரிஞ்சிருக்காது, தம்பி.

டப்பாவுல கார்சீனியான்னு இருந்தா அது நம்ம குடம்புளி. இங்க கொறக்கான்னு சொல்ற புளிக்குச் சொந்தம். மீன் கறியில தாராளமா சாப்பிடுங்க. அதையே சாறா இறுக்கி கேப்சூல்ல அடைச்சுச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கு.

இன்னொண்ணு, இதுதான் எனக்குப் பெரிய கவலை. உடம்பு ஏறினதுக்கு மதியச் சோறும் கறியும் காரணம்னு நினைக்கிறீங்க. அந்த ஊர் மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்னால பெட்டாமெத்தசோன்னு இருக்கான்னு பாருங்க. அது ஸ்டீராய்டு. சில அலர்ஜி மாத்திரைகள்ல சேர்த்திருப்பாங்க. தும்மல் சட்டுன்னு நிக்கும், பசி எடுக்கும், முகம் உப்பும். 3 மாசமா தினமும் போட்டிருந்தா திடீர்னு நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்ற கணக்குல படிப்படியாத்தான் குறைக்கணும்.

இங்க பார்மசியில நம்ம ஊர் கம்பெனிப் பேர் சொன்னா பல நேரம் புரியாது. மருந்தோட பேரைச் சொல்லுங்க, மாத்திரைன்னா 'குளிசை'. தும்மலுக்குப் பலரும் போடுற பிரிட்டன் (Piriton, அதாவது குளோர்ஃபெனிரமின்) குளிசை தூக்கம் வரவைக்கும், அதைப் போட்டுட்டு வண்டி எடுக்காதீங்க. காஃபின் கண்ணைத் திறந்து வச்சாலும் கை கால் வேகம் முழுசா திரும்பாது. தனியார் ஆஸ்பத்திரியில டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்றதைத்தான் இங்க 'சனல் பண்றது'ன்னு சொல்வாங்க. அரசு ஆஸ்பத்திரியில சிகிச்சை இலவசம். நெஞ்சு படபடப்போட வலியோ மயக்கமோ வந்தா யோசிக்காம 1990-க்கு அடிங்க, சுவசெரிய ஆம்புலன்ஸுக்கும் காசில்ல.

மே மாசத்திலிருந்து தென்மேற்கு மழை அடிக்கிறப்ப கடலோர வீடுகள்ல அலமாரிக்குப் பின்னால பூஞ்சணம் பிடிக்கும். எனக்குத் தும்மல் அதைத் துடைச்ச பிறகுதான் பாதியாச்சு. நீங்களும் அலமாரியை நகர்த்திப் பாருங்க. டாக்டர்கிட்ட போறப்ப அட்டை, டப்பா ரெண்டையும் கையில கொண்டு போங்க. அட்டைக்குப் பின்னால இருக்கிற பேரை இன்னிக்கு ராத்திரியே எனக்கு எழுதிடுங்க.