நிலத்தடிக் கழிவும் ஊர் நலநிதியும்: வாசகர் கேள்விகள்

ஓமந்தை வாசகர்: தம்பி கனடாவில். அங்கே அணுக்கழிவைப் புதைக்க இடம் எடுத்துவிட்டார்களாம். ரொறன்ரோவுக்கு ஆபத்தா?

2024 நவம்பரில் தெரிவான இடம் வடமேற்கு ஒன்ராறியோவில், இக்னஸ் என்ற சிற்றூர்ப் பக்கம். ரொறன்ரோவிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல். தம்பி நிம்மதியாக இருக்கலாம். இக்னஸ் ஊரும், அப்பகுதி ஆதிக்குடிகளான வபிகூன் லேக் ஒஜிப்வே மக்களும் தனித்தனியே சம்மதம் சொன்ன பிறகுதான் தெரிவு நடந்தது.

நெடுங்கேணி வாசகர்: வன்னிக் காட்டுக்குள் அணுக்கழிவு வருகுதாம். வட்ஸ்அப்பில் பார்த்தேன்.

இலங்கையில் அணுமின் நிலையமே இல்லை. எரிந்து தீர்ந்த எரிபொருளும் இல்லை. ஆவணம் இருந்தால் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். படம் மட்டும் அனுப்பாதீர்கள்.

மல்லாவி வாசகர்: எங்கட ஊரில குழி தோண்டிக் கழிவு போடப் போகினம். ஆபத்தா?

என்ன கழிவு? எவ்வளவு ஆழம்? கிணறு எவ்வளவு தள்ளி? ஒன்றும் எழுதாமல் ஆபத்தா என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? விவரத்தோடு திரும்ப எழுதுங்கள். அதற்கிடையில் கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்தில் சோதித்து, திகதியிட்ட அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

முருங்கன் வாசகர்: அணுக்கழிவைச் சுற்றி அடைக்கும் பெண்டனைட் என்ற களிமண், எங்கள் முருங்கன் களி மாதிரியா?

நல்ல கேள்வி. ஒரே குடும்பம்தான். கோடையில் வெடித்துப் பிளக்கும் உங்கள் வயல் களி மாரி பெய்ததும் ஊதி மூடிக்கொள்கிறதே, அந்தக் குணத்துக்காகத்தான் பின்லாந்தின் ஒன்கலோ அணுக்கழிவு வைப்பகத்தில், 400 மீற்றருக்குக் கீழே செப்புக் கலங்களைச் சுற்றிப் பெண்டனைட் அடைக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதற்காக முருங்கன் பொருத்தமான இடம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை தண்ணீர் ஓடும் பாறை.

மாங்குளம் வாசகர்: பாறைக்குள் வைத்தால் ஒருக்காலும் கசியாது என்கிறார்கள். உண்மையா?

குழாய்க் கிணறு அடிக்கும்போது பக்கத்தில் நின்றிருப்பீர்கள். வெள்ளைத் தூளாக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று சேறாகக் கக்கும். அங்கேதான் பாறையில் வெடிப்பு. கருங்கல்லிலும் தண்ணீர் அந்த வழியில்தான் வருகிறது. ஜேர்மனியின் அசே உப்புச் சுரங்கத்தில் சுமார் 1,26,000 கதிரியக்கக் கழிவுக் கலங்களை வைத்தார்கள். தண்ணீர் உள்ளே வருகிறது, இப்போது அவற்றை வெளியே எடுக்க வேண்டும் என்று சட்டம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள நிலத்தடி அணுக்கழிவு வைப்பகத்தில் 2014 இல் பாறையில் பிழையில்லை. ஒரு கலத்துக்குள் பொருந்தாத பொருளைக் கலந்து அடைத்ததால் அது வெடித்துக் கதிரியக்கம் வெளியேறியது. அந்த வைப்பகம் மூன்று வருடமளவில் மூடிக் கிடந்தது. ‘ஒருக்காலும்’ என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

புதுக்குடியிருப்பு, கிராம அபிவிருத்திச் சங்கத்தவர்: தொழிற்கழிவுக் கிடங்குக்குச் சம்மதித்தால் மைதானமும் சிகிச்சை நிலையமும் தருவார்களாம். வாங்கலாமா?

சம்மதத்துக்காக ஊருக்குத் தரும் நலநிதி வேறு, பாதுகாப்பு வேறு. எத்தனை தடவை எழுதினாலும் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுத்தான் கடிதம் வருகிறது. மைதானம் தந்தால் கசிவு குறையுமா? சுவீடனைப் பாருங்கள். ஒஸ்காஷாம், ஒஸ்தம்மார் என்ற இரண்டு ஊராட்சிகள் அணுக்கழிவு வைப்பகத்துக்குப் போட்டியிட்டன. 2009 உடன்பாட்டில் 200 கோடி குரோனா வரையான உதவி; அதில் முக்கால் பங்கு தெரிவாகாத ஊருக்கு! அந்தக் காசு ஆபத்தின் விலை அல்ல. பாதுகாப்பு ஆய்வு தனியே பல வருடம் நடந்து, 2022 இல்தான் அரசு அனுமதித்தது. ஒன்கலோ இருக்கும் பின்லாந்தின் யூராயோக்கி ஊராட்சிக்கு மறுக்கும் உரிமை சட்டத்திலேயே இருந்தது. 2000 இல் 20க்கு 7 என்று வாக்களித்துச் சம்மதித்தது.

இங்கே எப்படி நடக்கிறது? வன்னியில் நான் பார்த்த ஒரு சிகிச்சை நிலையத்தில் திறப்புவிழாக் கல்வெட்டு இருக்கிறது, மருந்து அலுமாரியும் இருக்கிறது. சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது. கட்டடம் போதாது. மாதச் செலவை யார், எத்தனை வருடம் தருவார் என்று எழுத்தில் கேளுங்கள். கண்காணிப்புக் கிணறுகளை நீங்கள் தெரிவுசெய்யும் ஆய்வுகூடம் சோதிக்க வேண்டும். முடிவை பிரதேச சபைப் பலகையில் ஒட்ட வேண்டும். கம்பனி போனபின் துப்புரவாக்கும் பணம் முன்கூட்டியே வங்கியில் இருக்க வேண்டும். உதவி வாங்கினால் முறைப்பாடு செய்யக்கூடாது என்ற வரி இருந்தால் வெட்டச் சொல்லுங்கள். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அதற்குள் அந்தச் சனம் எத்தனை வருடம் தண்ணீருக்கு அலைந்தது! கிணற்றை முதலே சோதியுங்கள், திரும்பவும் சொல்கிறேன்.

பரந்தன் வாசகர்: ஒப்பந்தம் ஆங்கிலத்தில் தந்து, நாளைக்கே கையெழுத்துக் கேட்கிறார்கள்.

போடாதீர்கள். தமிழ்ப் பிரதி கேளுங்கள், ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், பிறகு ஊர்க் கூட்டத்தில் முழுவதையும் வாசியுங்கள்.